அலுமாரிக்குப் பின்னால் இருந்த ஈரம்: யாழ்ப்பாண வீடொன்றில் வெள்ளிப்பூச்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே பேசப்படும் வீடு ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு உரியதல்ல. யாழ்ப்பாணத்து வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் திரும்பத் திரும்பக் காணக்கூடிய ஒரே விதமான வீடுகளைச் சேர்த்து ஒரு வீடாக வைத்திருக்கிறோம். பூச்சி எண்ணிக்கையும் ஈரப்பதன் அளவும் அப்படியான வீட்டில் எதிர்பார்க்கக்கூடிய அளவில் விளக்கத்துக்காகத் தரப்பட்டவை.

சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய, நடுவில் முற்றமுள்ள நாற்சார் வீடு. கள்ளிக்கோட்டை ஓடு, சிவப்புச் சீமெந்து நிலம். ஐந்து அறைகளில் இரண்டுதான் புழக்கத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும். வீட்டில் வயதான கணவனும் மனைவியும் மட்டும். சாமி அறைக்கு அடுத்த அறையில், தெற்குச் சுவரோடு ஒட்டியபடி ஒரு பலா மர அலுமாரி. சுவரின் மறுபக்கம் கிணற்றடி.

கண்டது

தை மாதம், மழை விட்டுப் பத்து நாள். மகளின் அலுவல் ஒன்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட, அலுமாரியின் கீழ் லாச்சி திறக்கப்பட்டது. சீலைத் துண்டில் சுற்றிய காணி உறுதிகள், சாதகக் கொப்பி, இரண்டு கலியாண அல்பங்கள், பழைய பஞ்சாங்கங்கள், உறவினர்களின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) ஒரு கட்டு. அடியில் விரித்திருந்தது பழைய பத்திரிகை. அதைத் தூக்கியதும் பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் வெளிச்சத்துக்கு அஞ்சிப் பலகை இடுக்குகளுக்குள் வழுக்கி ஓடின.

உறுதியின் முதல் தாளை ரோச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் சேதத்தின் தன்மை தெரியும். நடுவில் தாள் ஓட்டையாகவில்லை. மேல்தோல் மட்டும் சீவப்பட்டு, உப்புத்தாள் போட்டு உரசியது போல் மங்கியிருக்கிறது. மை ஏறியிருந்த மேற்படை போன இடத்தில் எழுத்தின் பாதி இல்லை. விளிம்பு ஒழுங்கில்லாமல், தீவுப்பகுதிக் கரையோர வரைபடம் போல் வளைந்து வளைந்து அரிக்கப்பட்டிருக்கிறது. முத்திரை ஒட்டிய பசை இருந்த இடத்தில் மட்டும் தாள் ஊடுருவித் தின்னப்பட்டிருக்கிறது. மடிப்புகளில் மிளகுத்தூள் போன்ற எச்சமும் மெல்லிய வெள்ளிப் பொடியும். கல்வெட்டுகளில் மினுமினுப்புத் தாளில் அச்சிட்டவைதான் அதிகம் போயிருந்தன. அந்த மினுமினுப்புப் பூச்சிலும் தாளுக்கு மொழுமொழுப்புத் தரும் மாப்பசையிலும் பூச்சிக்கு வேண்டிய மாச்சத்து இருக்கிறது.

எந்தப் பூச்சி

இதைத் தீர்மானிக்காமல் மருந்து வாங்கப் போவதுதான் முதற் பிழை. ஊரில் 'புத்தகப் பூச்சி', 'ராமபாணம்' என்று ஒரே பெயரில் இரண்டு மூன்று உயிர்களைச் சொல்கிறோம். தாளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊசி குத்தியது போல் வட்டமான துளை, உள்ளே சுரங்கம் என்றால் அது வண்டின் புழு. ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் அதுதான். மண் பூசிய குழாய்ப் பாதை இருந்தால் கறையான். அதற்கு வேறு வைத்தியம், தாமதிக்கவும் கூடாது. ஒரு மில்லிமீற்றர் அளவில், வெளிறிய நிறத்தில், பக்கங்களுக்கு நடுவே மெதுவாக ஊர்வது புத்தகப் பேன். அது தாளைவிடப் பூஞ்சணத்தையே நாடுகிறது.

வெள்ளிப்பூச்சி ஒரு சென்ரிமீற்றர் முதல் ஒன்றரை வரை நீளம். தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் ஒடுங்கிய உடல், முன்னால் இரண்டு நீண்ட உணர்கொம்புகள், பின்னால் மூன்று வால் இழைகள். இறக்கை கிடையாது. விரலால் தொட்டால் வண்ணத்துப்பூச்சி இறக்கைப் பொடி போல் வெள்ளிச் செதில் ஒட்டும். கடிக்காது, நோய் பரப்பாது. கூட்டுப்புழுப் பருவம் இல்லை. குஞ்சு பிறக்கும்போதே பெரியதின் சிறு வடிவம், வெள்ளை நிறம், முதல் சில தோலுரிப்புகளுக்குப் பிறகே செதில் வரும். வளர்ந்த பின்னும் வாழ்நாள் முழுவதும் தோலுரித்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகள் உயிர்வாழும். உணவில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால் பட்டினி போட்டு விரட்டும் எண்ணம் சரிவராது. அது தாங்க முடியாதது வறட்சியை. 75 வீதத்துக்கு மேல் ஈரப்பதன் உள்ள, அசைவில்லாத, இருண்ட இடமே அதற்கு உகந்தது. வாடைக்காற்றோடு மழை வரும் ஐப்பசி முதல் மார்கழி வரை யாழ்ப்பாணத்துப் பூட்டிய அறை அதைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறது.

ஏற்கெனவே செய்து பயன்படாதவை

இந்த வீட்டில் மூன்று வருடமாக நப்தலீன் உருண்டை போட்டிருந்தார்கள். லாச்சி இறுக்கமாக மூடாததால் ஆவி நிற்கவில்லை. மூடியிருந்தாலும் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதற்கு அது எட்டாது. பச்சைக் குழந்தைகளின் உடுப்போடு நப்தலீன் வைக்கவே கூடாது. சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து இருக்கிறது. பூச்சிகொல்லி ஸ்ப்ரே இரண்டு தரம் அடித்திருந்தார்கள். பட்டது செத்தது. இடுக்கில் இருந்த முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு பஞ்சாங்க அட்டையில் எண்ணெய்க் கறை மட்டும் நிரந்தரமாக நின்றுவிட்டது. வேப்பிலையை அரைகுறையாகக் காய்ந்த நிலையில் தூவியிருந்தார்கள். அந்த இலையின் ஈரம் தாளுக்குப் போய் பூஞ்சணப் புள்ளி விழுந்திருக்கிறது.

"வெயிலிலை ஒரு நாள் காயப்போட்டால் எல்லாம் செத்துப்போகும் தானே, தம்பி?" என்று வீட்டு அம்மா கேட்பது இயல்பு. "வேண்டாம் அம்மா, நிழலிலை ஃபானுக்குக் கீழை விரியுங்கோ" என்பதே அதற்கு மறுமொழி. சித்திரை வெயிலில் தாள் முறுகும், மை மங்கும், படத்தின் மேற்படை வெடித்துச் சுருளும். பூச்சியோ அலுமாரிப் பலகைக்குள்ளே நிழலில் இருக்கும்.

இவற்றையெல்லாம்விடக் கெடுதல் செய்தது ஒரு நல்ல எண்ணம். மழைக் காலத்தில் உறுதிகளைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தாளுக்குள் ஏற்கெனவே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விட்டது.

ஈரம் எங்கிருந்து வந்தது

பூச்சி எங்கே கூடுகிறது என்று முதலில் வரைபடம் போட வேண்டும். அதற்கு வெறும் யாம் போத்தல் போதும். வெளிப்பக்கம் முழுவதும் மாஸ்கிங் ரேப் சுற்றினால் பூச்சி ஏற வசதி. உள்ளே கண்ணாடி வழவழப்பானதால் விழுந்தது திரும்ப ஏறாது. ஒரு தேக்கரண்டி கோதுமை மா அல்லது காய்ந்த பாண் துண்டு இரை. ஆறு போத்தல்களைச் சுவரை ஒட்டி வைத்து ஏழு இரவு விட்டு, ஒவ்வொரு காலையும் எண்ணிக் குறிக்க வேண்டும். அலுமாரிக்குப் பின்னால் 14, குளியலறை வாசலில் 3, சாமி அறையில் 1, விறாந்தையிலும் குசினியிலும் இல்லை. வீடு முழுக்கப் பூச்சி என்று நினைத்திருந்தது ஒரு சுவரின் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அடுத்தது ஈரப்பதன் மானி. மலிவான டிஜிற்றல் மானி போதும், ஆனால் அதைச் சோதித்த பிறகே நம்பலாம். போத்தல் மூடியில் உப்பைச் சில துளி தண்ணீர் விட்டுக் களியாக்கி, மானியோடு காற்றுப் புகாத பெட்டியில் ஒரு நாள் வைத்தால் உள்ளே 75 வீதம் காட்ட வேண்டும். 79 காட்டினால் நான்கைக் கழித்துப் படிக்க வேண்டும். திருத்திய அளவு: அறை நடுவில் 71, அலுமாரிக்குப் பின்னால் 87. ஒரே அறைக்குள் இருக்கும் இந்த வேறுபாடுதான் முழு விடயத்தையும் சொல்கிறது.

சுவர் கசிகிறதா, காற்றின் ஈரம் சுவரில் படிகிறதா என்பதைப் பிரித்தறிய, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் ரேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட வேண்டும். சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்தால் அது காற்றிலிருந்து வருகிறது. இங்கே சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நின்றது.

காரணங்கள் மூன்று. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் சுவரில் தெறித்து அடியில் தேங்குகிறது. வெளியே பூச்செடிக்காக மண் கொட்டி, வளவின் மட்டம் வீட்டு நிலத்தின் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது. மூன்றாவதுதான் பலரும் சந்தேகிக்காதது: சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த அடிப்பாகத்தைச் சில வருடத்துக்கு முன் சீமெந்தால் பூசி, மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்திருந்தார்கள். சுண்ணாம்புக் கல் தண்ணீரை உறிஞ்சும், சுண்ணாம்புச் சாந்து அதை மெல்ல வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை மூடிவிட, ஈரம் பூச்சு முடியும் உயரத்துக்கு ஏறி, அங்கே உப்புப் பூக்கிறது. அந்த உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அழகாக்கச் செய்த பூச்சு, அலுமாரியின் முதுகு உயரத்துக்கு ஈரத்தைக் கொண்டுவந்து விட்டது.

கடதாசிகள்

சுவரில் கைவைப்பதற்கு முன் தாள்களை மீட்க வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த ஊர் இது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களில் எத்தனையோ பேர் சொப்பிங் பையில் எடுத்துக்கொண்டது உறுதியும் சான்றிதழ்களும்தான். அப்போது மழையில் நனைந்த தாள்கள் இன்னும் பல வீடுகளில் அதே மடிப்போடு இருக்கின்றன. அவற்றை அவசரமாகக் கையாள யாருக்கும் உரிமை இல்லை.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து, புதிய ஓரங்குலப் பெயின்ற் பிரஷால் மடிப்பிலிருந்து வெளிநோக்கித் தூசி தட்ட வேண்டும். ஈரமாக உணரும் தாளை நிழலில், மெதுவான ஃபான் காற்றில், இரண்டு மூன்று நாள் விரித்துக் காயவிட வேண்டும். கிழிசலுக்கு செலோரேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். கோதுமை மாக் களியும் வேண்டாம், அது பூச்சிக்கு விருந்து. உறுதியை லமினேற் செய்வது மீள முடியாத தவறு: சூட்டில் உருகிய பிளாஸ்ரிக் தாளோடு ஒன்றாகிவிடும், முத்திரையையும் கையொப்பத்தையும் பிறகு சோதிக்கவும் இயலாது.

காய்ந்த தாள்களில் முட்டை இருந்தால் கொல்லுவதற்குப் பாதுகாப்பான வழி குளிர். ஒரு பொலித்தீன் பையில் இட்டுக் காற்றை அமத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, −18 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே போகும் டீப் ஃபிறீசரில் 14 நாள். ஒற்றைக் கதவு ஃபிறிட்ஜின் ஐஸ் தட்டு அந்தக் குளிருக்குப் போகாது. நீண்ட மின்வெட்டு வந்து உறைநிலை இளகினால் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளிலேயே படியும், மூடியிருந்தால் பையின் வெளிப்பக்கம் படிந்து காய்ந்துவிடும். அரக்கு முத்திரை உள்ளவை, கண்ணாடி நெகற்றிவ்கள், ஓலைச் சுவடிகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்கள் குளிருக்குப் போக வேண்டாம்.

படம் எடுத்து வைப்பதும் இந்த நேரத்தில்தான். 300 டிபிஐ அளவில் ஸ்கான் செய்து, ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வெளிநாட்டுப் பிள்ளையிடம். எழுத்துப் போன உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். நொத்தாரிசு அனுப்பிய இணைப்பிரதி அங்கே கோவையில் இருக்க வேண்டும். கல்வெட்டுகளை வெறும் குடும்பத் தாளாக நினைத்துக் குப்பையில் போட வேண்டாம். ஊரின் வமிச வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. நூலகம் நிறுவனம் தன் இணைய நூலகத்தில் அவற்றையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வருகிறது.

அலுமாரியும் அறையும்

லாச்சிகளைக் கழற்றி, ஓடுதடங்களையும் முதுகுப் பலகையின் பொருத்துகளையும் ஒடுங்கிய வாய் பொருத்திய வக்கியூமால் இழுத்து, அந்தத் தூசிப் பையை அன்றைக்கே கட்டி வெளியேற்ற வேண்டும். பத்திரிகை விரிப்பு இனி இல்லை. அலுமாரி சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் விலகி, நிலத்திலிருந்து அதே அளவு உயர்ந்து நிற்க வேண்டும். கால்களுக்கு எறும்புக் கிண்ணம் வைக்கும் வழக்கம் நல்லதுதான், தண்ணீர் மட்டும் விட வேண்டாம். வழவழப்பான எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம் காய்ந்தே இருந்தால் உட்சுவரில் பூச்சி வழுக்கும். தண்ணீர் விட்டால் அதுவே அலுமாரிக்கு அடியில் ஈரத் தொட்டி. சீலை நுனியோ மின்வயரோ சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இதில் பயனில்லை, அது பாலம்.

போரிக் பவுடர் இரை: கோதுமை மா மூன்று தேக்கரண்டி, சீனி ஒன்று, போரிக் பவுடர் ஒன்று, உலர்வாகக் கலந்து போத்தல் மூடிகளில் அலுமாரிக்குப் பின்னும் கீழும். கரம் போர்டுக்குப் போடும் பவுடரைச் சிலர் பாவிக்கிறார்கள். அதில் போரிக் இருப்பதும் உண்டு, வெறும் மாவாக இருப்பதும் உண்டு. பாமசியில் பெயர் பார்த்து வாங்குவதே சரி. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தவழும் வீட்டிலும், பூனை நாய் புகும் அறையிலும் திறந்து வைக்கக் கூடாது. டயற்றம் மண்தூள் (நுண்பாசி ஓடுகள் படிந்த மண்ணின் தூள்) கிடைத்தால் இடுக்குகளுக்குள் ஊதலாம், கண்ணுக்குத் தெரியும் குவியலாக அல்ல, மெல்லிய படலமாக. அது பூச்சியின் மெழுகுத் தோலைக் குலைத்து உலர்த்திக் கொல்லும். ஈரச் சுவரில் அதன் பலம் போய்விடும், எனவே சுவர் காய்ந்த பிறகே. வரிசை மாறியதால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லப்படும் வீடுகள் பல.

சுவர்

குளிக்கும் இடத்தைச் சுவரிலிருந்து விலக்கி, தண்ணீர் வாழைக்குப் போகச் சாய்வான வாய்க்கால். கொட்டிய மண்ணை வெட்டி எடுத்து, வளவின் மட்டத்தை வீட்டு நிலத்துக்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் கீழே கொண்டுவர வேண்டும். உள்ளே சீமெந்துப் பூச்சை, ஈரக்கோடு தெரியும் உயரத்துக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்து, கல் தெரியும்வரை உளியால் மெதுவாகப் பெயர்க்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் பழைய சாந்தும் சேர்ந்து கழரும். பூத்த உப்பைக் காய்ந்த தும்புப் பிரஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும்.

பிறகு காத்திருப்பு. ஓரங்குலம் காய ஒரு மாதம் என்பது கட்டடக்காரரின் தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இருபக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம், அதாவது தையில் தொடங்கினால் புரட்டாசி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னல்களைப் பகலில் திறந்து வைப்பதுதான் இங்கே செலவில்லாத மருந்து. அடைமழை நாளில் திறந்தால் எதிர்ப்பலன். சுவர் காய்ந்ததும் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு கலந்த சாந்து, இரண்டு படையாக. கடற்கரை மணல் உப்பையே திரும்பக் கொண்டுவரும். மேலே பெயின்ற் இல்லை, சுண்ணாம்பு வெள்ளை மட்டும். கூலியாள் "இரண்டு நாளில் சீமெந்து பூசித் தாறன்" என்று சொல்லும்போது மறுப்பது கடினம். இந்த வேலை கெடும் இடம் பெரும்பாலும் அதுதான்.

பிறகு

போத்தல்கள் மாதத்தில் ஒரு கிழமை தொடர்ந்தன. மாசியில் அலுமாரிச் சுவரில் 9. பங்குனியில் 11, அதில் பாதி மூன்று மில்லிமீற்றர் வெள்ளைக் குஞ்சுகள். இதைக் கண்டு வீட்டார் மனம் தளர்வது வழக்கம், ஆனால் இது முன்பு இட்ட முட்டை பொரித்த கணக்கு. வைகாசியில் 3, ஆடியில் இல்லை. அலுமாரிக்குப் பின்னால் மானி 66.

தாள்கள் இறுக்கமான மூடியுள்ள 20 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டியில், 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு, ஆடி மாதம்தான் உள்ளே போயின. நிறம் மாறும் சிலிக்கா மணிகள் வாங்கினால் எப்போது உலர்த்துவது என்று தெரியும். 120 பாகையில் இரண்டு மணி நேரம், சமையலுக்குப் பாவிக்காத தட்டில். அரிசியைத் துணியில் கட்டிப் போடும் யோசனை சொல்பவர்கள் உண்டு. அரிசி இந்தப் பூச்சியின் சாப்பாடு.

கார்த்திகையில் சாமி அறைப் போத்தலில் திடீரென 6. சுவர் காய்ந்தே இருந்தது. கப்பலில் வந்த பார்சலின் நெளிமட்டைப் பெட்டிகள் இரண்டு, "பிறகு உதவும்" என்று அங்கே சுவரோரம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மட்டையின் நெளிவுகளுக்குள் குஞ்சும் பெரியதுமாக இருந்தன. பெட்டிகளை எரித்து, அந்த மூலையைக் கூட்டி, இரை மூடி ஒன்று வைத்ததோடு மார்கழி எண்ணிக்கை 1.

மீட்க முடியாதவை: ஒட்டும் பக்க அல்பத்தில் சிக்கிய இரண்டு கலியாணப் படங்கள், ஓர் உறுதியின் அட்டவணைப் பக்கத்தில் நாலெல்லை எழுதிய மூன்று வரி. படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கான் செய்தாயிற்று. அந்த மூன்று வரிக்காகக் காணிப் பதிவகத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.